கோத்தகிரியிலிருந்து ஸ்டுட்கார்ட் போகும் நர்ஸ் தங்கைக்கு

கேள்வி கேட்டவர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியை, அதாவது படுகர் கிராமத்தைச் சேர்ந்த நர்ஸ். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு முடித்தாயிற்று, ஸ்டுட்கார்ட் அருகே ஓர் ஆஸ்பத்திரியில் இடமும் கிடைத்துவிட்டது. "வேலை தெரியும், மொழியும் ஓரளவு வரும். ஆனால் அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், கொஞ்சம் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார் என்றெல்லாம் பயமுறுத்துகிறார்கள். அன்றாட வாழ்க்கையில் நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். நான் ஸ்டுட்கார்ட் இருக்கும் அதே ஜெர்மன் மாநிலத்தில் பல வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது குன்னூரில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

குப்பையை எப்படிப் பிரிப்பது, பஸ் டிக்கெட்டை எங்கே எடுப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறு. அங்கே வாயால் சொன்னதுதான் கணக்கு. நம் ஊரில் பாதிக் காரியம் முகத்தைப் பார்த்தே நடந்துவிடும். பசிக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அத்தை தட்டைப் போட்டுவிடுவார். அங்கே நீங்கள் கேட்காதவரை யாரும் தர மாட்டார்கள், சொல்லாதவரை யாருக்கும் தெரியாது.

வார்டில் யாருக்கோ பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். முன்கூட்டி வாழ்த்துச் சொன்னால் அபசகுனம் என்பார்கள், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வறையில் கேக்கை வெட்டி, புதிதாக வந்த நம்ம ஊர்ப் பெண்ணிடம் "ஒரு துண்டு வேண்டுமா?" என்று நீட்டுகிறார்கள். அவள் நம் வழக்கப்படி கூச்சத்தோடு "இல்லை, பரவாயில்லை" என்கிறாள். இன்னொரு தடவை கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் மனசுக்குள் ஒரு நினைப்பு. தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை, வேண்டாம் என்றவளை வற்புறுத்துவது மரியாதைக் குறைவு. இவளோ அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு "எனக்கு மட்டும் தரலைம்மா" என்று அழுகிறாள். வேண்டுமென்றால் முதல் தடவையிலேயே "வேண்டும், நன்றி" என்று சொல்லி வாங்கிச் சாப்பிடுங்கள். வெட்கமே வேண்டாம்.

கேக்கோடு போனால் பரவாயில்லை. இதே பழக்கம் வார்டுக்குள் வந்தால் ஆபத்து. டாக்டர் வேகமாக ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார், பாதிதான் புரிகிறது, ஆனால் நம் தலை தானாக ஆடிவிடும். பெரியவர்களிடம் திருப்பிக் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே "புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்கிற நர்ஸை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வேறு மருந்தைக் கொடுப்பவரைத்தான் பிறகு நம்ப மாட்டார்கள். தலையாட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் 'சரி' என்று பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து 'யா' (ஆமாம்) என்று சொல்லிவிடுவது உத்தமம்.

எண்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். 2,5 என்று எழுதியிருந்தால் அது இரண்டரை. ஆயிரத்தை 1.000 என்று எழுதுவார்கள். கையெழுத்தில் ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு கொம்பு இருக்கும், நம் கண்ணுக்கு அது ஏழு. அவர்களுடைய ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக்கோடு இருக்கும். பேசும்போது இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள், போன் நம்பர் எழுதும்போது கை தடுமாறும். 'ஹால்ப் ஆஹ்ட்' (சொல்லுக்குச் சொல் 'பாதி எட்டு') என்றால் எட்டரை அல்ல, ஏழரை. என் மாணவர்களில் பி2 வில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். மருந்தளவை எழுதியபின் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், வேலையே வேறு மாதிரி. நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரரோ ஆயாம்மாவோ பார்த்துக்கொள்வார்கள். நர்ஸ் ஊசி போடுவார், டிரிப் ஏற்றுவார், சார்ட் எழுதுவார். அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்கிற சொந்தக்காரர் கிடையாது. உறவினர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குளிப்பாட்டுவதிலிருந்து மலஜலம் சுத்தம் செய்வதுவரை நர்ஸ் வேலைதான். அதேசமயம், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சில காரியங்களை அங்கே பல இடங்களில் டாக்டர்கள்தான் செய்வார்கள். உங்கள் படிப்புக்கு முழு அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் பதவியில்தான் வைத்திருப்பார்கள். பி.எஸ்சி. படித்துவிட்டு இதையா செய்கிறோம் என்று முதல் சில மாதம் பலருக்குச் சுருக்கென்றிருக்கும். இதைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அங்கே இது தாழ்ந்த வேலை என்று யாரும் நினைப்பதில்லை. சீனியர் நர்ஸும் இதைத்தான் செய்கிறார்.

இதிலேயே இன்னொன்று. எண்பது வயதுத் தாத்தா ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிஷம் போராடுகிறார். நம் கை சும்மா இருக்காது, ஓடிப்போய்ப் போட்டுவிடுவோம். அங்கே அது தப்பு. அவரால் முடிந்ததை அவரே செய்ய விட வேண்டும், பக்கத்தில் நின்றால் போதும் என்பது அவர்கள் கற்றுக்கொடுக்கும் முறை. "சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறோமே" என்று உள்ளுக்குள் உறுத்தும். ஆனால் அவர் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்குப் பிறகு உறுத்தாது.

வார்டில் போனை எடுத்துப் படம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். யூனிபார்மில் ரீல்ஸ் போடும் ஆசை இருந்தால் அதைக் கோடநாடு காட்சிமுனையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நோயாளியின் முகமோ பெயரோ வெளியே போனால் வேலை போவது மட்டுமில்லை, கிரிமினல் வழக்கே வரலாம்.

திட்டு வாங்குவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. "இந்தக் கட்டு சரியில்லை, அவிழ்த்துத் திரும்பப் போடு" என்று சீனியர் நாலு பேர் முன்னால் சொல்வார். பூசி மெழுகல் எதுவும் இருக்காது. நமக்கு முகம் சிவந்துவிடும், இனி இவர் மூஞ்சியில் எப்படி விழிப்பது என்று தோன்றும். பத்து நிமிஷம் கழித்து அவரே "காபி குடிக்கலாமா?" என்று வந்து நிற்பார். அவர் சொன்னது கட்டைப் பற்றி, உங்களைப் பற்றி அல்ல. நம்மவர்கள் இதை மனசில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பார்கள். என்ன கோபம் என்றே அவருக்குத் தெரியாது. அதற்காக எல்லாமே நேர்மைதான் என்று நான் சொல்ல மாட்டேன். நிறத்தைப் பார்த்து, உச்சரிப்பைக் கேட்டு மட்டம் தட்டுகிறவர்களும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி, அவர் ஜெர்மன்காரர்களிடமும் அப்படித்தான் பேசுகிறாரா என்று பார்ப்பது. உங்களிடம் மட்டும் என்றால் பொறுத்துப் போகாதீர்கள். தேதி, நேரம், என்ன சொன்னார் என்று எழுதி வைத்து வார்டு பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஊழியர் மன்றம் இருந்தால் அங்கேயும் போகலாம்.

உடம்பு சரியில்லையென்றால் டூட்டி தொடங்கும் முன்பே போன் செய்துவிட வேண்டும். சட்டப்படி மூன்று நாளைத் தாண்டினால் டாக்டர் சான்று தேவை, முதல் நாளே கேட்கிற இடங்களும் உண்டு, ஒப்பந்தத்தைப் பாருங்கள். காய்ச்சலோடு வந்து நின்று 'பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறேன்' என்றால் யாரும் மெச்ச மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள்.

லீவு விஷயம்தான் மலைக்காரர்களுக்குப் பெரிய இடி. பல ஆஸ்பத்திரிகளில் அடுத்த வருடம் முழுவதற்குமான லீவை இந்த வருடக் கடைசியிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு நாள் குறித்து ஒரு மாதத்தில் பந்தி போட்டுவிடுவோம். நம் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை எந்தத் தேதி என்று ஒரு வருடம் முன்னால் யார் சொல்வார்கள்? வீட்டில் எல்லாரும் வெள்ளை உடுத்திப் பேரகணிக் கோயிலுக்குக் கிளம்பும்போது நீங்கள் மட்டும் லேட் டூட்டியில் நிற்பீர்கள். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. டிசம்பர் கடைசியும் ஜனவரி தொடக்கமும் உங்களுக்கு முக்கியம் என்று முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பதில் கிறிஸ்துமஸ் அன்றும் ஈஸ்டர் அன்றும் டூட்டி பார்க்கிறேன் என்று பேரம் பேசினால், குழந்தை குட்டி இருக்கிற சக ஊழியர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

இனி வீடு. ஸ்டுட்கார்ட் பக்கம் 'கேர்வோஹே' என்று ஒன்று உண்டு. அடுக்குமாடியில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கும். அந்த வாரம் உங்கள் முறை. முடித்ததும் அந்தப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். சில வீடுகளில் வாசல் நடைபாதையும், பனிக்காலத்தில் பனி தள்ளுவதும் சேரும். நைட் டூட்டி முடித்து வந்த களைப்பில் இதை விட்டுவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், ஆனால் மொத்தப் படிக்கட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல பெயர் எடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் அரை மணி நேரமும் போதும்.

போலீஸ் பயம் மிகை. இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். சுவரில் துளை போடுவது, வேக்குவம் கிளீனர் ஓட்டுவது, காலி பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு உடைப்பது எல்லாம் அப்போது கூடாது. வாஷிங் மெஷினுக்கு வீட்டுக்கு வீடு விதி மாறும், குடியிருப்பு விதித்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நீங்கள் ராத்திரி 11 மணிக்கு அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசினால் பெரும்பாலும் முதலில் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் போய் மணி அடித்து "மன்னிக்கணும், இனிமேல் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அத்தோடு முடிந்தது. சொல்லப்போனால், குடிபோன வாரத்திலேயே நீங்கள் போய் ஒவ்வொரு கதவையும் தட்டி இன்னார் என்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். புதிதாக வந்தவரை அக்கம்பக்கத்தார் வந்து விசாரிப்பது நம் வழக்கம், அங்கே வந்தவர்தான் போக வேண்டும். இது தெரியாமல்தான் 'யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை' என்று பலர் புலம்புகிறார்கள். பஸ்ஸில் உம்மென்று உட்கார்ந்திருக்கும் அதே மனிதர்கள், டாக்டர் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நுழைந்தால் அங்கே இருக்கும் எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

தாளிக்கும்போது கவனம். வீடுகளில் புகை அலாரம் கட்டாயம், காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்தால் அது அலறும். கோட்டைச் சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள், மறுநாள் பஸ் முழுக்க ரசம் மணக்கும். காலையும் மாலையும் ஜன்னலை விரியத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்றோட்டம் விட வேண்டும், நடுக்கும் குளிரிலும்தான். பல வாடகை ஒப்பந்தங்களில் இது எழுத்திலேயே இருக்கும். ஆடி மழையில் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பூப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பெயர் விஷயமும் வீட்டோடு சேர்ந்ததுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே நோயாளிகள், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பா நஞ்சன் என்றால் நீங்கள் 'ஃபிராவ் நஞ்சன்', திருமதி நஞ்சன் என்பதுபோல. முதலில் சிரிப்பு வரும், பிறகு பழகிவிடும். முக்கியமானது என்னவென்றால், அழைப்பு மணியிலும் தபால்பெட்டியிலும் அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்க வேண்டும். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பேங்க் கார்டு, காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும், பெயர் இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் தேவை. அதை சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். டிவியே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ உண்டு. அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் பெட்டியில் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களுக்குத் தடை. பச்சைக் கறிவேப்பிலையையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, சரியாகத்தான் செய்தீர்கள். தலைகுந்தாவில் ஜனவரி உறைபனியைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. நம் வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டரும் மப்ளருமாக இருப்போம், அங்கே வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும், வெளியேதான் குளிர். ஆகவே ஒரே தடித்த உடுப்பைவிட, கழற்றி மாட்ட வசதியாக மெல்லிசாக நாலைந்து அடுக்கு நல்லது. படுத்துவது இருட்டுதான். டிசம்பரில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலரைக்கு இருட்டிவிடும். காலை டூட்டி என்றால் இருட்டில் போக வேண்டும். காரணமே இல்லாமல் அழுகை வருகிற மாதங்கள் அவை. மதிய இடைவேளையில் பத்து நிமிஷமாவது வெளியே நில்லுங்கள். அது நீண்டால் டாக்டரிடம் போங்கள், அங்கே அதற்குப் போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தமிழ் ஆட்கள் கிடைப்பார்களா என்றால், நிறையவே கிடைப்பார்கள். எண்பதுகளிலிருந்து வந்து குடியேறிய ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகளில் முருங்கைக்காய்வரை கிடைக்கும். வடக்கே ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, தேர்த் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். அவர்கள் தமிழ் வேறு மாதிரி இருக்கும். ஒரே மொழி, அதனால் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இதற்கு நம் மலையிலேயே சாட்சி உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது, இன்றைய டான்டீ அதுதான். அதே தேயிலை, அதே மலை, அதே தமிழ். ஆனாலும் 'சிலோன்காரங்க' என்ற பேச்சை அவர்கள் எத்தனை வருடம் கேட்டார்கள் என்று உங்கள் ஊர் டீக்கடையில் உட்காரும் ஒரு பாட்டியைக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு மாலை அவரோடு பேசுவது, என்னுடைய வகுப்பைவிட உபயோகமாக இருக்கும்.

ஆனால் லீவு நாளெல்லாம் தமிழ் ஆட்களோடேயே கழித்தால் ஜெர்மன் வளராது. அதுவும் அங்கே கிழவர்கள் பேசுவது புத்தக ஜெர்மன் அல்ல, ஸ்வேபியன் வட்டார வழக்கு. வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், வார்டில் மலையாளம் என்று காது பழகிய உங்களுக்கு அது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். வேலையிடத்தில் சிரித்துப் பேசுகிறவர்கள் வீட்டுக்குக் கூப்பிட நாளாகும். சிநேகிதம் அங்கே சங்கங்களில்தான் வளரும். பாட்டுக் குழுவோ, விளையாட்டோ, தோட்டமோ, ஏதாவது ஒன்றில் சேருங்கள். என்னைக் கேட்டால் 1888இல் தொடங்கிய ஸ்வேபியன் ஆல்ப் சங்கம்தான் உங்களுக்குப் பொருத்தம். ஊருக்கு ஊர் கிளை உண்டு, சேர்ந்து மலை நடப்பார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கூட நடந்துகொண்டே எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்கள். அந்த ஆல்ப் மலையின் (பெரிய ஆல்ப்ஸ் அல்ல, ஸ்டுட்கார்ட் பக்கத்து மலைத்தொடர்) உச்சியே 1,015 மீட்டர்தான், பர்லியாருக்கும் குன்னூருக்கும் நடுவில் எங்கேயோ வரும். 'ஏற்றம் கஷ்டமாக இருக்கும், முடியுமா?' என்று அக்கறையாகக் கேட்பார்கள், சிரித்துவிடாதீர்கள். ஒன்பது மணிக்குக் கிளம்புகிறோம் என்றால் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அங்கே இருங்கள், ரொட்டியை நீங்களே கட்டிக்கொண்டு போங்கள், யாராவது கேக்கை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.